பதின்மூன்று வெற்றி, ஏழு தொகுதி: ஒரு எம்.எல்.ஏ.வின் தேர்தல் கணக்கைப் படிப்பது எப்படி?

தேர்தல் நெருங்கினால் நாளிதழ்களில் வேட்பாளர் படத்துக்குக் கீழே கட்டம் போட்ட பட்டியல் ஒன்று வரும். ஆண்டு, தொகுதி, கட்சி, வாங்கிய ஓட்டு, இரண்டாவது வந்தவர், வித்தியாசம், கடைசியில் வெற்றியா தோல்வியா. பார்த்ததும் நம் கண் நேராகக் கடைசிக் கட்டத்துக்கு ஓடும். எத்தனை தடவை ஜெயித்திருக்கிறார் என்று எண்ணுவோம். ஆறு, ஏழு என்று வந்தால் ‘பெரிய ஆள்தான்’ என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம்.

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே குறைவான விஷயத்தைச் சொல்வது அந்தக் கடைசிக் கட்டம்தான். எந்தத் தொகுதியில் நின்றார், ஏன் அதை விட்டு வேறு தொகுதிக்குப் போனார், எதிரே யார் யார் நின்றார்கள், ஜெயித்தபின் எத்தனை நாள் அந்த இருக்கையில் இருந்தார், நடுவில் ஒரு தேர்தலை ஏன் காணோம் என்று கேட்டால்தான் அவருடைய அரசியல் வாழ்க்கை தெரியவரும்.

இதைச் சொல்லிக் காட்ட மு.கருணாநிதியின் பட்டியலை எடுத்துக்கொள்கிறேன். அவருடைய அரசியல் சரியா தவறா என்ற வழக்குக்குள் போகவில்லை. அதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஒரு எம்.எல்.ஏ.வுக்கு நேரக்கூடிய ஏறக்குறைய எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கிறது, தோல்வி ஒன்றைத் தவிர. 1957 முதல் 2016 வரை சட்டமன்றத்துக்கு 13 முறை நின்றார், 13 முறையும் ஜெயித்தார். குளித்தலை (1957), தஞ்சாவூர் (1962), சைதாப்பேட்டை (1967, 1971), அண்ணா நகர் (1977, 1980), துறைமுகம் (1989, 1991), சேப்பாக்கம் (1996, 2001, 2006), திருவாரூர் (2011, 2016).

முதலில் அடிப்படை

நம் சட்டமன்றத் தேர்தலில் ஜெயிக்கப் பாதி ஓட்டு வாங்க வேண்டியதில்லை. தொகுதியில் நிற்கும் மற்ற ஒவ்வொருவரையும்விட ஒரு ஓட்டு கூடுதலாக இருந்தால் போதும். நான்கு பேர் சமபலத்தோடு மோதினால் 30 சதவீதம் வாங்கியவர்கூட எம்.எல்.ஏ. ஆகிவிடுவார். பட்டியலில் ‘வித்தியாசம்’ என்று போடுவது முதல் ஆளுக்கும் இரண்டாவது ஆளுக்கும் இடையில் உள்ள ஓட்டு. மூன்றாவது, நான்காவது வந்தவர்கள் எவ்வளவு பிரித்தார்கள் என்பது அதில் தெரியாது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்தது டெபாசிட். வேட்புமனுவோடு கட்ட வேண்டிய தொகை இப்போது 10,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் பணம் அரசாங்கத்துக்குப் போய்விடும். ‘டெபாசிட் காலி’ என்று மேடையில் கேலி பேசுவது இதைத்தான். 1996 சட்டமன்றத் தேர்தல் வரை இது வெறும் 250 ரூபாய். அந்தத் தேர்தலில் மொடக்குறிச்சி தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியதாயிற்று. விவசாயிகள் தங்கள் குறைகளுக்குக் கவனம் ஈர்க்க எடுத்த முடிவு அது. அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள்.

கட்சி என்ற கட்டமும் சில சமயம் ஏமாற்றும். தேர்தல் ஆணையத்தின் 1957 அறிக்கையை எடுத்துக் குளித்தலையைப் பார்த்தால், கருணாநிதியின் பெயருக்கு எதிரே தி.மு.க. என்று இருக்காது, சுயேச்சை என்றுதான் இருக்கும். 1949இல் தொடங்கிய கட்சி 1952 தேர்தலில் போட்டியிடவில்லை. 1956 திருச்சி மாநாட்டில்தான் தேர்தலில் இறங்குவது என்று முடிவு செய்தது. மாநிலக் கட்சி என்ற அங்கீகாரம் 1958இல்தான் கிடைத்தது. அதனால் 1957இல் ஜெயித்த 15 பேருமே ஆவணத்தில் சுயேச்சைகள். பழைய பட்டியல்களைப் படிக்கும்போது ‘சுயேச்சை’ என்று இருந்தால் உடனே தனி ஆள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ஏன் ஏழு தொகுதி?

சட்டமன்றத் தேர்தலில் நிற்க 25 வயது ஆகியிருக்க வேண்டும், அந்த மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். நிற்கிற தொகுதியிலேயே பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதனால்தான் தலைவர்கள் தங்கள் ஓட்டைத் தங்களுக்கே போட முடியாத ஊர்களில் நிற்கிறார்கள். ‘வெளியூர்க்காரர்’ என்று எதிர்க்கட்சி கத்தலாம். சட்டத்தில் அதற்கு இடமில்லை.

கருணாநிதி பிறந்தது திருக்குவளை, வளர்ந்தது திருவாரூர். முதலில் நின்றதோ அன்றைய திருச்சி மாவட்டத்துக் குளித்தலை. காங்கிரஸின் கே.ஏ.தர்மலிங்கத்தை 8,296 ஓட்டில் வென்று அவைக்குப் போனவர், முதல் பேச்சிலேயே தொகுதிக்குள் இருந்த நங்கவரம் பண்ணை விவசாயிகளின் பிரச்சினையை எடுத்தார். புதிய எம்.எல்.ஏ. ஒருவர் தொகுதியில் காலூன்ற வேண்டுமானால் இப்படித்தான் செய்வார். இவரோ ஐந்தே ஆண்டில் குளித்தலையை விட்டுவிட்டுத் தஞ்சாவூருக்குப் போனார். அங்கே காங்கிரஸின் பரிசுத்த நாடார் எதிரே நின்றார். கிடைத்தது 32,145க்கு 30,217, வித்தியாசம் 1,928. அதே 1962இல் கட்சித் தலைவர் அண்ணாதுரையே காஞ்சிபுரத்தில் தோற்றுப்போனார் என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் இந்த 1,928இன் கனம் புரியும்.

தொகுதி மாறுவதைப் பார்த்ததும் ‘பயந்து ஓடிவிட்டார்’ என்று சொல்வது நம்மிடையே வழக்கம். அது உண்மையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒரு தலைவர் தொகுதி மாறக் குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கின்றன: போன தடவை ஓட்டு ஒட்டிக்கொண்டுதான் வந்தது, கட்சி அவரை வேறு பகுதிக்கு அனுப்புகிறது, அல்லது தொகுதியே மாறிவிட்டது. மூன்றாவதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. சட்டமன்றத் தொகுதிகளின் எல்லை நிரந்தரமல்ல, மறுசீரமைப்பில் அழித்து எழுதப்படும். கருணாநிதி 1977இல் நின்ற அண்ணா நகர் தொகுதிக்கு அதுதான் முதல் தேர்தல். அவர் மூன்று முறை ஜெயித்த சேப்பாக்கம் 2008 மறுசீரமைப்பில் திருவல்லிக்கேணியோடு சேர்ந்து ‘சேப்பாக்கம்–திருவல்லிக்கேணி’ ஆனது.

அதே மறுசீரமைப்பு இன்னொன்றையும் செய்தது. சொந்த ஊர் திருவாரூராக இருந்தும் 2011 வரை அவர் அங்கே ஏன் நிற்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. திருவாரூர் அதற்கு முன் பல தேர்தல்களாகத் தனித்தொகுதி. பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள் மட்டுமே அங்கே மனுத் தாக்கல் செய்ய முடியும். 2008இல் அது பொதுத்தொகுதி ஆன பிறகு வந்த முதல் சட்டமன்றத் தேர்தல் 2011. அந்தத் தேர்தலிலேயே அவர் அங்கே போய் நின்றார். பட்டியலில் வெறும் ஊர்ப் பெயராக நிற்கும் விஷயத்துக்குப் பின்னால் இப்படி ஒரு மறுசீரமைப்பு ஆணை இருக்கும்.

பக்கத்து மாநிலத்தில் நேர் எதிரான பட்டியல் ஒன்று இருக்கிறது. கேரள காங்கிரஸ் என்ற கட்சியின் தலைவர் கே.எம்.மாணி. அவரும் 13 முறை ஜெயித்தவர்தான், ஆனால் எல்லாமே பாலா என்ற ஒரே தொகுதியில். 1965இல் அந்தத் தொகுதி உருவானதிலிருந்து 2019இல் அவர் இறக்கும் வரை பாலாவுக்கு வேறு எம்.எல்.ஏ.வே கிடையாது. கேரள காங்கிரஸ் எத்தனையோ முறை உடைந்தது. அவர் அணி மாறினார். பாலா மட்டும் மாறவில்லை. அதிலும் ஒரு விசித்திரம். 1965 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால் அந்தச் சட்டமன்றம் கூடவே இல்லை. ஆக, மாணியின் முதல் வெற்றியில் அவர் எம்.எல்.ஏ.வாக உட்கார்ந்ததே இல்லை. கடைசி வெற்றியான 2016இல் வித்தியாசம் 4,703தான். அவர் இறந்தபின் நடந்த இடைத்தேர்தலில், 2016இல் அவரிடம் தோற்ற மாணி சி.காப்பனே ஜெயித்துவிட்டார். ‘கோட்டை’ என்று நாம் சொல்வது தொகுதியையா, ஆளையா என்று கேட்க வைக்கும் முடிவு அது.

13 என்ற எண் இரண்டு பேருக்கும் பொது. ஒருவர் கட்சியை மாநிலம் முழுக்க நடத்திக்கொண்டு, தொகுதியை ஒரு முகவரியாக வைத்திருந்தவர். இன்னொருவர் தொகுதியையே கட்சியாக வைத்திருந்தவர்.

வித்தியாசம் சொல்வதும் மறைப்பதும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகம் தொகுதியின் இரண்டு தேர்தல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1989 ஜனவரியில் கருணாநிதி வாங்கியது 41,632. இரண்டாவது வந்த முஸ்லிம் லீக்கின் கே.ஏ.வகாப் 9,641. வித்தியாசம் 31,991. இரண்டரை ஆண்டு கழித்து, 1991 ஜூனில், கருணாநிதி 30,932, காங்கிரஸின் கே.சுப்பு 30,042. வித்தியாசம் 890.

வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் 31 ஆயிரம் பேர் அவரைக் கைவிட்டுவிட்டது போல இருக்கும். ஓட்டுக் கட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். அவருக்குக் குறைந்தது 10,700 ஓட்டு. மீதி 20,401 எங்கிருந்து வந்தது? இரண்டாவது இடத்துக்கு வந்தவர் வாங்கிய ஓட்டு அவ்வளவு கூடியிருக்கிறது. அதாவது சரிவில் மூன்றில் ஒரு பங்குதான் அவருடைய ஓட்டு கரைந்ததால் வந்தது. மூன்றில் இரண்டு பங்கு, எதிரே சிதறிக் கிடந்த ஓட்டு ஒரே பெட்டிக்குள் விழுந்ததால் வந்தது.

எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் மறைந்தபின் அ.தி.மு.க. ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று இரண்டாக உடைந்தது. 1989 தேர்தலில் காங்கிரஸும் தனியாக நின்றது. எதிரணி மூன்று துண்டாக நிற்க, மாநில அளவில் சுமார் 33 சதவீத ஓட்டிலேயே தி.மு.க. 150 இடம் பிடித்தது. 1991க்குள் அ.தி.மு.க. ஒன்றாகிவிட்டது, காங்கிரஸோடு கூட்டணியும் வைத்துவிட்டது. மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட, தேர்தல் ஜூனுக்குத் தள்ளிப்போனது. அனுதாப அலையில் தி.மு.க. கூட்டணி துடைத்தெறியப்பட்டது, தி.மு.க.வுக்கு மிஞ்சியது இரண்டே இடம். 31,991 என்பது அவருடைய செல்வாக்கின் அளவும் அல்ல, 890 என்பது அதன் வீழ்ச்சியின் அளவும் அல்ல. இரண்டும் எதிரே எத்தனை பேர் எப்படி நின்றார்கள் என்பதன் அளவு.

சைதாப்பேட்டையில் இதைவிட வேடிக்கையான கணக்கு. 1967இல் காங்கிரஸின் எஸ்.ஜி.விநாயகமூர்த்தியை 20,482 ஓட்டில் வென்றார். 1971இல் முதலமைச்சராகவே அங்கே நின்றார். தி.மு.க.வின் வரலாற்றிலேயே மிகப் பெரிய வெற்றி அந்த ஆண்டுதான், 184 இடம். அவருடைய சொந்த ஓட்டும் 53,401இலிருந்து 63,334ஆகக் கூடியது. ஆனால் வித்தியாசம் 12,511ஆகக் குறைந்தது! காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸும் சுதந்திராக் கட்சியும் சேர்ந்து ஒரே அணியாக நின்றன. இந்திரா காங்கிரஸ் சட்டமன்றத்துக்குப் போட்டியிடாமல் தி.மு.க.வை ஆதரித்தது. ஆக இருமுனைப் போட்டி. எதிரே நின்ற குடந்தை ராமலிங்கம் 50,823 வாங்கிவிட்டார். தோற்றவர் வாங்கிய அந்த ஓட்டு, முந்தைய தேர்தலில் ஜெயித்தவர் வாங்கியதற்குக் கொஞ்சம்தான் குறைவு.

இன்னொரு வலை, தொகுதியின் அளவு. 2001இல் சேப்பாக்கத்தில் கருணாநிதி வாங்கியது 29,836 ஓட்டு. 2011இல் திருவாரூரில் 1,09,014. பத்து ஆண்டில் செல்வாக்கு மூன்றரை மடங்கு ஏறிவிட்டதா? 2011இல் அவருடைய கட்சி ஆட்சியை இழந்தது. எதிர்க்கட்சி அந்தஸ்துகூட இல்லாமல் போனது. பழைய சேப்பாக்கம் சென்னை நகரத்துக்குள் அடங்கிய சின்னத் தொகுதி, திருவாரூர் அதைவிட மிகப் பெரியது. இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் சதவீதம்தான் துணை. வெவ்வேறு தொகுதிகளின் ஓட்டு எண்ணிக்கையை ஒன்றன் கீழ் ஒன்றாகப் போட்டு ‘ஏறுமுகம்’ என்று எழுதும் கட்டுரைகளைக் கண்டால் நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

அதற்காக வித்தியாசம் வீண் என்று சொல்லவில்லை. 2016இல் திருவாரூரில் அவர் பெற்ற 68,366 ஓட்டு வித்தியாசம்தான் அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே அதிகம். அப்போது அவருக்கு 92 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. சக்கர நாற்காலியில் இருந்த ஒருவருக்குச் சொந்த ஊர் அவ்வளவு ஓட்டுப் போட்டது என்பதற்கு எந்தக் கூட்டணிக் கணக்கும் முழு விளக்கம் தராது.

699 ஓட்டும் ஒரு பேனர் போட்டோவும்

துறைமுகத்து 890ஐத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவருடைய மிகக் குறைந்த வித்தியாசம் அதுவல்ல. 1980இல் அண்ணா நகரில் அ.தி.மு.க.வின் டாக்டர் எச்.வி.ஹண்டே எதிரே நின்றார். 51,290க்கு 50,591. வித்தியாசம் 699. இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது ஒரு லட்சத்துக்கு மேல். அதில் ஒரு சதவீதம்கூட இல்லை.

இப்படி நூலிழையில் முடியும் தேர்தல் வாக்கு எண்ணிக்கையோடு முடிவதில்லை. தோற்றவரோ, அந்தத் தொகுதியின் வாக்காளரோ 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். ஹண்டே போட்டார். பேனர்களுக்குச் செய்த செலவைக் கணக்கில் காட்டவில்லை என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஆதாரமாக ஒரு பேனரின் புகைப்படத்தை மனுவோடு இணைத்திருந்தார். எதிர்த்தரப்புக்குக் கொடுத்த பிரதியில் அந்தப் புகைப்படத்தின் நகல் இல்லை. தேர்தல் சட்டமோ மனுவின் முழுமையான பிரதியை எதிர்த்தரப்புக்குத் தந்தே ஆக வேண்டும் என்கிறது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. புகைப்படமும் மனுவின் ஒரு பகுதிதான், அதைத் தராதது சட்டத்தை மீறியது என்று சொல்லி 1983இல் மனுவையே தள்ளுபடி செய்தார்கள். பேனருக்கு எவ்வளவு செலவானது என்ற கேள்விக்குப் பதில் வரவே இல்லை. தேர்தல் மனுவில் தொழில்நுட்பப் பிழைக்கு மன்னிப்புக் கிடைப்பது அரிது என்பதற்கு வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக் காட்டும் தீர்ப்பு இது.

தோற்ற ஹண்டே என்ன ஆனார்? எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் சுகாதாரத் துறை அமைச்சராக வந்து உட்கார்ந்தார். தமிழ்நாட்டில் மேலவை, அதாவது தொகுதி மக்களின் நேரடி ஓட்டு இல்லாமலே உறுப்பினர் ஆகக்கூடிய இரண்டாவது அவை, இருந்த காலம் அது. மக்களிடம் தோற்றவர் அமைச்சராக வர அப்படி ஒரு வாசல் திறந்திருந்தது.

நூலிழைத் தேர்தல்கள் இப்போதும் வருகின்றன. 2016இல் ராதாபுரத்தில் 49 ஓட்டில் தோற்ற தி.மு.க.வின் அப்பாவு வழக்குப் போட்டார். தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொல்லி 2019இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எண்ணியும் முடித்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஐந்தாண்டுப் பதவிக்காலம் ஓடிப்போனது.

பட்டியலில் இல்லாத ஆண்டுகள்

‘60 ஆண்டு தொடர்ந்து எம்.எல்.ஏ.வாக இருந்தவர்’ என்று கருணாநிதியைப் பற்றி எழுதுவார்கள். ‘தோற்றதே இல்லை’ என்பது சரி. ‘தொடர்ந்து’ என்பது சரியில்லை. பட்டியலில் 1980க்கு அடுத்து 1989 இருக்கிறது. நடுவில் 1984 தேர்தல் எங்கே?

இலங்கையில் 1983 ஜூலையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த படுகொலைகளை அடுத்து, மத்திய அரசும் மாநில அரசும் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று சொல்லி அவரும் தி.மு.க. பொதுச்செயலாளர் அன்பழகனும் எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்தார்கள். நீதிமன்றத்தில் மூன்று ஆண்டு காத்த அண்ணா நகர் வெற்றியை, அந்த வழக்கு முடிந்த அதே ஆண்டில் அவரே விட்டுக்கொடுத்தார். 1984இல் அவர் சட்டமன்றத்துக்கு நிற்கவில்லை. மேலவை உறுப்பினர் ஆனார். 1986 நவம்பரில் மேலவையே ஒழிக்கப்பட்டது.

1991இல் 890 ஓட்டில் ஜெயித்த துறைமுகத்தையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. கட்சியின் தோல்விக்குப் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். 1996 வரை அவையில் அவர் இல்லை. இதெல்லாம் ‘வெற்றி’ என்ற கட்டத்துக்குள் அடங்காது. அதுபோல ஐந்தாண்டு என்று நாம் எழுதும் பதவிக்காலமும் எப்போதும் ஐந்தாண்டு அல்ல. 1976 ஜனவரி 31இலும் 1991 ஜனவரி 30இலும் அவருடைய ஆட்சி கலைக்கப்பட்டது. 1989இல் ஜெயித்த எம்.எல்.ஏ.க்கள் எல்லாருக்கும் கிடைத்தது இரண்டே ஆண்டு.

இடைவெளிகளைப் படித்துப் பழக ஜெயலலிதாவின் பட்டியல் இன்னும் நல்ல பாடம். 1991இல் பர்கூர், காங்கேயம் என்று இரண்டு தொகுதியில் நின்று இரண்டிலும் ஜெயித்தார். ஒருவர் ஒரு இடத்தைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்பதால் காங்கேயத்தை விட்டார். 1996இல் முதலமைச்சராக இருந்தபடியே பர்கூரில் தோற்றார். 2001இல் நான்கு தொகுதியில் மனுப் போட்டு நான்கும் தள்ளுபடி ஆயின: இரண்டு, ஊழல் வழக்கில் தண்டனை பெற்றிருந்ததால், மற்ற இரண்டு, இரண்டு தொகுதிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதியால். ஆக, அந்தத் தேர்தலில் அவர் பெயரே இல்லை. ஆனால் கட்சி ஜெயித்தது, அவர் முதலமைச்சராகவும் பதவியேற்றார். எம்.எல்.ஏ. அல்லாதவர் ஆறு மாதம் வரை அமைச்சராக இருக்கலாம் என்று அரசியல் சட்டம் சொல்கிறதே! உறுப்பினர் ஆகவே தகுதி இல்லாதவருக்கு அந்தச் சலுகை கிடையாது என்று அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதவி போனது. அந்த வழக்கிலிருந்து விடுதலை ஆகி, 2002இல் ஆண்டிப்பட்டி இடைத்தேர்தலில் ஜெயித்து மறுபடி முதலமைச்சர் ஆனார். பட்டியலில் இது ‘2002, இடைத்தேர்தல், ஆண்டிப்பட்டி, வெற்றி’ என்று ஒரே வரி.

எம்.எல்.ஏ.வாக இருப்பதற்கும் அவைக்கு வருவதற்கும்கூட இடைவெளி உண்டு. அனுமதி இல்லாமல் 60 நாள் வராவிட்டால் இருக்கையைக் காலி என்று அறிவிக்க அவைக்கு அதிகாரம் இருக்கிறது. தன் சக்கர நாற்காலிக்கு ஏற்ற இருக்கை வசதி அவையில் இல்லை என்று சொன்ன கருணாநிதி, அவ்வப்போது வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

2018 ஆகஸ்ட் 7இல் அவர் காலமானார். திருவாரூருக்கு 2019 ஜனவரி 28 என்று இடைத்தேர்தல் அறிவித்தார்கள். கஜா புயல் நிவாரணம் நடந்துகொண்டிருந்ததால் ரத்து செய்தார்கள். ஏப்ரலில் மக்களவைத் தேர்தலோடு சேர்த்து நடத்தியபோது தி.மு.க.வின் பூண்டி கலைவாணன் ஜெயித்தார்.

உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு இதைச் செய்து பார்க்க

எண்களுக்குத் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள் போதும். முதல் தேர்தலிலிருந்து எல்லாமே அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கட்சி வெளியிடும் மலர்களையும் சுவரொட்டிகளையும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அவற்றில் இரண்டாவது வந்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. வேட்பாளர் தன் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் உறுதிமொழி கொடுக்கும் படிவம் 26ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் இரண்டு தேர்தலில் கொடுத்த படிவங்களைப் பக்கத்தில் வைத்துப் படிப்பது பல மேடைப் பேச்சுகளைவிட சுவாரசியம்.

அதைவிட நெருக்கமாகப் பார்க்க ஆசையா? படிவம் 20 என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பூத்திலும் யாருக்கு எத்தனை ஓட்டு என்று போட்டிருக்கும் முடிவுத் தாள். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் பி.டி.எஃப்.பாகக் கிடைக்கும், பழையவை ஸ்கேன் செய்யப்பட்டு மங்கலாக இருக்கும், பொறுமை வேண்டும். தபால் ஓட்டு கடைசியில் தனி வரியாக வரும், அதை மறந்துவிட்டால் கூட்டல் இடிக்கும். இரண்டு தேர்தல்களை ஒப்பிடும்போது பூத் எண்ணை நம்பாதீர்கள். வாக்காளர் கூடினால் பூத்தைப் பிரிப்பார்கள், எண்கள் தள்ளிப்போகும். அந்தந்த ஆண்டின் பூத் பட்டியலை எடுத்து, பள்ளிக்கூடத்தின் பெயரையும் எந்தத் தெருக்கள் அதில் வருகின்றன என்பதையும் பார்த்து இணைத்துக்கொள்ளுங்கள்.